பின் சீட்டில் ஏறிய எஞ்சின்

மூன்று வருடத்துக்கு முன்பு, ஆடி முடிந்து ஆவணி பிறந்து வந்த முதல் முகூர்த்த நாள். திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகும் ரோட்டில் என் பட்டறை இருக்கிறது. அதன் பின்பக்கக் காலி இடத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் ஒரு பக்கம் சிரிப்பும் இன்னொரு பக்கம் பயமும் வருகிறது.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். போர்வெல் போடும் ரிக் வண்டிகளைக் கட்டிக் கொடுப்பது என் தொழில். பாடி கட்டாத வெறும் லாரி சேஸிஸ் வந்து நிற்கும். அதன் மேல் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரையும், அதை ஓட்டுவதற்கென்று தனியாக ஒரு எஞ்சினையும் ஏற்றி உட்கார வைப்போம். இருபது வருடத்தில் எத்தனை எஞ்சினைத் தூக்கி வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதனால் எஞ்சின் என்றால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்குவதும் கொஞ்சம் கம்மி.

ஒரு நாள் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எங்கேயோ வெளிநாட்டில் ஒருவர் பழைய கார் ஒன்றின் முன்பக்க எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் வேறொரு எஞ்சினை வைத்திருந்தார். கனமெல்லாம் வண்டியின் நடுவுக்கு வந்துவிடுவதால், வளைவில் கார் பம்பரம் மாதிரி திரும்பியது. பந்தயக் கார்களில் எஞ்சின் இப்படித்தான் இருக்குமாம். அவ்வளவுதான், எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. சாப்பிடும்போதும் அதே பேச்சு, குளிக்கும்போதும் அதே நினைப்பு. இத்தனை ரிக் கட்டியவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று பட்டறையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

பழைய கார் ஒன்று வீட்டிலேயே இருந்தது. ஆனால் அது என்னுடையது இல்லை, என் மனைவியுடையது. அவளுக்குப் பிறந்த வீடு பள்ளிபாளையம். விசைத்தறிக் குடும்பம். என் மாமனார் இறந்துபோன பிறகு, அவருடைய அம்பாசடரை எடைக்குப் போட்டுவிடலாம் என்று அவளுடைய அண்ணன்கள் இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். இவள்தான் குறுக்கே நின்று, எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்தாள். அவள் ஓட்டப் பழகியதே அந்தக் காரில்தான். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியபோது அதன் எஞ்சின் இறுகிப்போய் அசைய மறுத்தது.

என் ஆசையை அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் யோசித்தாள். பிறகு செய்யச் சொன்னாள், ஒரே ஒரு நிபந்தனையோடு.

"ரெடியானதும் மொதல்ல நாந்தான் ஓட்டுவேனுங்க."

இது ஒரு நிபந்தனையா என்று குஷியாகத் தலையை ஆட்டிவிட்டு மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டேன். பின் சீட்டைக் கழற்றியதும் அவள் அதை வீட்டுக்குத் தூக்கிப்போய் ஹாலில் சோபாவாகப் போட்டுக்கொண்டாள். கிரைண்டர் வைத்துக் காரின் அடித்தகட்டை அறுத்தபோது மட்டும் பக்கத்தில் நிற்க முடியாமல் போய்விட்டாள்.

விஷயம் பள்ளிபாளையம் வரை போய்ச் சேர்ந்தது. அவளுடைய பெரிய அண்ணன் நேரிலேயே வந்துவிட்டார். வயிறு பிளந்து நின்ற காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"அப்பா காரை ரெண்டா அறுத்துப்போட்டாரே மாப்ள. இனி இது எங்க ஓடப் போவுது? அன்னைக்கே எடைக்குப் போட்டிருக்கலாம் அம்மிணி."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "ஆவணி மொத முகூர்த்தத்துல நானே ஓட்டறேனுங்ணா. எல்லாரும் வந்து பாருங்க" என்றாள். அந்த நிமிடத்திலிருந்து அது என் விளையாட்டாக இல்லை. கார் ஓடவில்லையென்றால் என்னை யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. அப்பாவின் காரைப் புருஷனிடம் கொடுத்துப் பாழாக்கினவள் என்ற பேச்சு அவளுக்குத்தான் வரும். அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

எஞ்சினுக்காகப் பின்பக்கம் நசுங்கிப்போன ஒரு சின்னக் காரை வாங்கினேன். இந்த மாதிரி கார்களில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டாக இருக்கும். அதிலிருந்தே இரண்டு முன் சக்கரங்களுக்கும், அவற்றைச் சுற்றுகிற ஷாஃப்ட் போகும். அந்தக் கட்டை முழுசாகத் தூக்கி அம்பாசடரின் பின்னால் வைத்துவிட்டால் அது பின் சக்கரங்களை ஓட்டும். ரேடியேட்டர் முன்னாலேயே இருக்கட்டும், தண்ணீருக்கு நீளமாகக் குழாய் இழுத்துக்கொள்ளலாம். இதுவரைக்கும் என் யோசனையில் ஒரு தப்பும் இல்லை.

தப்பு என் கையில் ஊறிப்போன பழக்கத்தில் இருந்தது. ரிக் கட்டுகிற நாங்கள் எஞ்சினை வைக்கும்போது ஆயில் ஃபில்டர், பெல்ட் எல்லாம் கைக்கு எட்டுகிற பக்கம் பார்த்து வைப்போம். கம்ப்ரஸரும் எஞ்சினோடு சேர்ந்தே திரும்பிக்கொள்வதால் எந்தப் பக்கம் பார்த்து வைத்தாலும் ஒன்றுதான், காற்று வந்துவிடும். அதே நினைப்பில் இந்தக் கட்டையும் முன்பக்கம் பின்னால் வருகிற மாதிரி திருப்பித் தொங்கவிட்டேன். டிக்கியைத் திறந்தால் ஃபில்டர் கைக்கு வர வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கனம் தூக்கும் செயின் பிளாக்கில் தொங்கியபடி எஞ்சின் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றவள் கேட்டாள்.

"ஏனுங்க, தறியில மோட்டாரைத் தூக்கி அந்தப் பக்கம் பாத்துத் திருப்பி வெச்சா, ஒயரை மாத்திக் குடுக்கோணுமுங்க. இல்லீன்னா தறி பின்னால சுத்தும். இதுல ஒயரு இல்லியே, எதை மாத்துவீங்க?"

பட்டறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "தறி வேற, காரு வேற புள்ள. நீ போயி எல்லாத்துக்கும் டீ போட்டுட்டு வா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் போய் டீ கொண்டுவந்தாள். கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. மண்டைக் கனம், வேறென்ன.

ஷாஃப்டெல்லாம் மாட்டியதும் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டுப் பார்த்தோம். சக்கரம் சர்ரென்று சுற்றியது. விசில் என்ன, கைதட்டல் என்ன. ஒருத்தன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டான். சக்கரம் சுற்றுகிறதா என்றுதான் பார்த்தோமே தவிர, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அத்தனை பேரில் ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை.

முகூர்த்த நாளும் வந்தது. மாற்றிக் கட்டிய வண்டியை அனுமதி வாங்காமல் ரோட்டில் ஏற்றக் கூடாது என்பதால் பட்டறை இடத்திலேயே ஓட்டம். காலையிலேயே ஐம்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். ரிக் வண்டிக்காரர்கள், பக்கத்துப் பட்டறைக்காரர்கள், பள்ளிபாளையத்திலிருந்து இரண்டு அண்ணன்களும் குடும்பத்தோடு. காருக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. தேங்காய் உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தோம். நான் புதுமாப்பிள்ளை மாதிரி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். முதுகுக்குப் பின்னாலிருந்து எஞ்சின் உறுமியதும் கூட்டம் ஓவென்று கத்தியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எல்லோரும் எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்று டிக்கியை முழுக்கத் திறந்துவிட்டு, காரின் பின்னால் நின்று, குனிந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். டிக்கி மூடி தூக்கியிருந்ததால் கண்ணாடியில் அவளுக்கு நான் தெரியவே இல்லை. எனக்குப் பின்னால் நாலடி தூரத்தில் போர் போடும் இரும்பு ராடுகளை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தோம்.

அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "ஏனுங்க, பின்னால நிக்காதீங்க. அந்தண்டை போயிருங்க."

கார் முன்னால் போவதற்குப் பின்னால் நின்றால் என்ன என்று நான் சிரித்தேன். போதாததற்கு, ஆக்சிலேட்டரை நன்றாக மிதி, எலுமிச்சம்பழம் தெறிக்க வேண்டும் என்று கத்தவும் செய்தேன்.

அவள் முதல் கியரைப் போட்டுக் கிளட்ச்சை விட்டாள். கார் பின்னால் வந்தது.

என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் பம்பர் என் முழங்காலைத் தள்ளிவிட்டது. தடுமாறிப் பின்னால் போய் இரும்பு ராடு அடுக்கில் முதுகு இடித்தது. இனி ஒதுங்க இடமில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நொடியில் கார் குலுங்கி நின்று எஞ்சின் அணைந்தது. கண்ணைத் திறந்தால் என் முழங்காலுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம் இருந்தது. நான்கு எலுமிச்சம்பழமும் வைத்த இடத்தில் முழுசாகக் கிடந்தன.

இரண்டு பேர் வந்து என்னைப் பக்கவாட்டில் இழுத்தார்கள். அவள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, அடிபட்டதா என்று கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். பெரிய அண்ணன் ஓடி வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "போதும் சாமி, எறங்கிக்க" என்றார். அவர் குரலில் கேலி இல்லை, பயம்தான் இருந்தது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஆட்டம் அதோடு முடிந்துவிட்டது.

அவள் இறங்கவில்லை. எல்லோரையும் இரண்டு ஓரத்துக்கும் போகச் சொன்னாள். நான் தள்ளி வந்து நிற்கிறேனா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டாள். டிக்கியை மூடச் சொன்னாள்.

"முன் கியரு பின்னால போவுதுன்னா, ரிவர்ஸ் கியரு முன்னாலதானுங்க போகோணும்?"

எஞ்சினை மறுபடி ஓடவிட்டு, கியரை ரிவர்ஸில் தள்ளினாள். கார் முன்னால் போனது!

எலுமிச்சம்பழம் நான்கும் நசுங்கின. எனக்கு வலி, பயம் எல்லாம் பறந்துவிட்டது. முன்னால் போவதற்கு அந்தக் காருக்கு இருந்தது ஒரே ஒரு கியர், அதுவும் ரிவர்ஸ் கியர். அதைப் போட்டுக்கொண்டு, எஞ்சின் கதறக் கதற, மாலை ஒரு பக்கம் தொங்க, அவள் அந்த இடத்தை மூன்று சுற்றுச் சுற்றினாள். விசில் காதைப் பிளந்தது. நான் நொண்டிக்கொண்டே கூட ஓடினேன். நடுவில் எஞ்சின் இருக்கும் கார் எவ்வளவு அழகாகத் திரும்புகிறது என்று அப்போதுதான் என் கண்ணால் பார்த்தேன். வீடியோவில் பார்த்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மூன்றாவது சுற்றுக்கு முன் அவள் காரை நிறுத்த, பெரிய அண்ணன் கார்க் கதவைத் திறந்து அவள் பக்கத்தில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். இறங்கி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்க வந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. எஞ்சினைத் திருப்பி வைத்தது நான், அன்றைக்கே கேட்டவள் இவள், டீ போடப் போகச் சொன்னவனும் நான்தான் என்று அண்ணன்கள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அன்று சிரித்த என் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு, நான் கத்தியும் ஏன் ஆக்சிலேட்டரை மிதிக்கவில்லை என்று அவளிடம் கேட்டேன்.

"அன்னைக்கு நீங்க சொன்ன பதிலு எனக்கு ஒப்பலீங்க. அதான் காலைப் பிரேக்கு மேலயே வெச்சிருந்தேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து எஞ்சினை மறுபடி இறக்கி, நேராகத் திருப்பி ஏற்றினோம். ஃபில்டரை மாற்ற இப்போது காருக்கு அடியில் படுத்துத்தான் கையை விட வேண்டும், பரவாயில்லை. ஐந்து கியரும் முன்னால் போகின்றன. பட்டறைக்குள் யார் என்ன கேட்டாலும், கேட்கிறவர் யாரென்று பார்க்காமல், வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். நான் சொன்னதை நம்பி அவள் அன்று ஆக்சிலேட்டரை மிதித்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். என் பேச்சை நம்பாமல் பிரேக்கின் மேல் இருந்த அந்த ஒரு கால்தான் எனக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தது.