நித்தியானந்தன் போட்ட கையெழுத்து

நித்தியானந்தனைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. எழுதாவிட்டால் நான் செய்தது யாருக்கும் தெரியாமலே போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

அவன் தச்சன். கிழமை நாட்களில் ரயில் பெட்டி திருத்தும் வேலை, சனி ஞாயிறில் எங்கள் ஆட்களுக்கு அலுமாரி, மேசை. எழுபத்தாறில் நான் சிட்னியின் லிட்கமில் ஒரு கடையை வாடகைக்கு எடுத்துப் பலசரக்குப் போட்டபோது சாமான் அடுக்கும் தட்டுகள், கவுண்டர், பின்னறைக் கதவு எல்லாம் அவன் கைவேலை. மரமும் தன் காசிலேயே வாங்கினான். அறுநூறு டொலர் என்று பேச்சு. துண்டில் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

"சீ, என்ன சச்சி அண்ணை, உங்களிட்டை நான் எழுத்து வாங்கிறதோ?"

கொழும்பில் இருந்த மனைவி கல்யாணியையும் கைக்குழந்தையையும் கூப்பிட அவன் நம்பியிருந்த விமானச் சீட்டுக் காசு அது. எனக்கு நன்றாகத் தெரியும்.

கடை எட்டு மாதத்தில் படுத்துவிட்டது. அப்போது சிட்னியில் மிளகாய்த்தூள் வாங்க எத்தனை பேர் இருந்தார்கள்! சாமான்களை விற்று வாடகையைக் கட்டினேன். மிஞ்சியது கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுத்திருந்த முற்பணம் எழுநூறு டொலர் மட்டும்.

தட்டுகளையாவது கழற்றி விற்கலாமா என்று நித்தியானந்தன் கேட்டான். சொந்தக்காரர் விடவில்லை. சுவரில் அடித்தது கட்டடத்துக்குச் சொந்தம், வேலை செய்யச் சொன்னதும் தானில்லை என்றார். ஆனால் வேலை செய்தவனுக்குப் பாக்கி இருந்தால் முற்பணத்தில் கழித்து நேரே அவனிடம் கொடுப்பாராம், ஒப்பந்தம் அப்படி.

"கடையைப் பூட்டித் திறப்பைத் திருப்பிக் குடுக்கிற அண்டைக்கு நீயும் வா. உன்ரை காசை அங்கையே வாங்கித் தாறன்" என்று அவனைக் கூப்பிட்டதே நான்தான்.

மினுக்கி மடிப்புக் கலையாத சட்டையோடு வந்தான். சொந்தக்காரர் காசோலைப் புத்தகத்தைத் திறந்து, யாருக்காவது கொடுக்க இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இரண்டு மாதமாக எனக்கு வேலை இல்லை. எழுநூறு டொலர் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. என்ன பேய் பிடித்ததோ, எல்லாருக்கும் கொடுத்தாயிற்று என்றேன். அவர் நித்தியானந்தனிடம் திரும்பி, உனக்கும் கிடைத்ததா என்று கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"யெஸ்" என்றான். காசு கிடைத்துவிட்டது என்று அவர் எழுதி நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டான்.

முழுக் காசோலையோடு வெளியே வந்ததும், பிறகு தருகிறேன் என்று ஏதோ உளறினேன்.

"வெள்ளைக்காரனுக்கு முன்னாலை உங்களை எப்பிடி அண்ணை பொய்யன் ஆக்கிறது?" என்றுவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தான். தூ, நானும் ஒரு மனிதன்!

கல்யாணியும் பிள்ளையும் வந்துசேர எழுபத்தெட்டின் கடைசி ஆகிவிட்டது. அவர்கள் வந்து ஒரு மாதத்தில், அறுநூறு டொலரை உறையில் போட்டுக்கொண்டு மெரிலேண்ட்ஸில் இருந்த அவன் வீட்டுக்குப் போனேன். கதிரை இழுத்துப் போட்டான். கல்யாணி தேத்தண்ணி தந்தாள். குழந்தை கதவோரம் நின்று, "மாமா, ஆர் இவர்?" என்று அவனைக் கேட்டது. தகப்பனைத்தான் மாமா என்றது. அவன் திருத்தவில்லை.

உறையை நீட்டினேன். அவன் தொடவில்லை.

"எனக்குத் தந்தாச்சு எண்டு அண்டைக்கே கையெழுத்து வைச்சிட்டனே அண்ணை. இப்ப வாங்கினால் நானெல்லோ பொய்யன்" என்றான். "தேத்தண்ணி ஆறப்போகுது. குடியுங்கோ."

குடித்துவிட்டு உறையோடு திரும்பினேன்.