நைட் ஷிஃப்ட் வீட்டுக் குரல்

எங்கள் குவார்ட்டர்ஸில் நைட் ஷிஃப்ட் வாரங்களில் குக்கர் விசில் அடிக்காது. அப்பாவுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. காலை ஏழு மணிக்கு வந்து குளித்து, நாலு இட்லியை வாயில் போட்டுக்கொண்டு படுத்தால் மூன்று மணிவரை வீட்டில் ஒரு டம்ளர் உருளக் கூடாது. அம்மா இருந்தவரை அந்த வாரங்களில் சாதத்தைப் பானையில்தான் வடிப்பாள். கீரைக்காரம்மாகூட எங்கள் வாசலைத் தாண்டிப் போய்த்தான் கூவுவார். நான் பேசப் பழகியதே கிசுகிசுப்பாகத்தான். பள்ளிக்கூடத்தில் "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்காத டீச்சர் இல்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் போய்ச் சேர்ந்தது சட்டப் படிப்பில்.

வெளியூர்ப் பல்கலைக்கழகம். அங்கே சர்வதேசச் சட்டத்தைப் படிப்பதற்கென்று மாணவர்களே நடத்தும் மையம் ஒன்று இருந்தது. பேராசிரியர்கள் யாரும் தலையிட மாட்டார்கள். நூலக மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, இரண்டு பீரோ, மூடி தொலைந்துபோன ஒரு டீ கெட்டில். வாராவாரம் ஏதாவது ஒரு தீர்ப்பைப் படித்துவிட்டு அடித்துக்கொள்வார்கள். கடல் எல்லை, அகதிகள், ஒரு நாடு கொடுத்த வாக்கை மீறினால் இன்னொரு நாடு யாரிடம் போய் முறையிடுவது, இப்படி. வருஷத்துக்கு ஒரு ஆய்விதழ் வரும். அதில் அடிக்குறிப்புகளைச் சரிபார்ப்பது என் வேலை. தொண்டையே தேவைப்படாத வேலை. மூன்றாம் வருஷத்துக்குள் என் பெயரே அடிக்குறிப்பு என்று ஆகிவிட்டது. "அடிக்குறிப்பு வந்தாச்சா? டீ போடலாமா?" என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். உள்ளே எரியும். அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு, விடுதிக்குத் திரும்பும்போது இன்று யாரிடமும் ஒரு முழு வாக்கியம் பேசவில்லையே என்று எண்ணிக்கொண்டு போன நாட்கள் நிறைய.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. நிலத்துக்கு அடியில் கிடக்கும் கரியும் எண்ணெயும் யாருக்குச் சொந்தம்? மேலே குடியிருப்பவர்களுக்கா, அரசாங்கத்துக்கா, தோண்டுகிறவர்களுக்கா? நாடுகளுக்குள் இதைப் பற்றி நெடுங்காலமாகப் பெரிய வாதமே நடக்கிறது. மையம் ஒரு வருஷம் முழுக்க இதைத்தான் படிக்க வேண்டும் என்று நினைத்தேன். மற்றவர்களுக்கு அது ஒரு பாடம். நான் இருபது வருஷம் தின்ற சோறு அதிலிருந்து வந்தது.

அடுத்த வருஷம் எதைப் படிப்பது என்று முடிவு செய்பவர் ஒருங்கிணைப்பாளர். மே மாத விடுமுறையில் ஆன்லைனில் தேர்தல் நடக்கும். நிற்பவர்கள் ஆளுக்குப் பத்து நிமிடம் பேச வேண்டும், உடனே ஓட்டு. நான்காம் வருஷ முடிவில், யாரையும் கேட்காமல், நானும் பெயர் கொடுத்தேன்.

அப்போது அம்மா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அப்பாவும் நானும்தான். அவர் வரும்போது நான் தூக்கம், நான் விழித்திருக்கும்போது அவர் தூக்கம். சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த சிலேட்டில் எழுதித்தான் பேசிக்கொள்வோம்; சாயங்காலம் இருவரும் விழித்திருந்தாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. "ரசம் இருக்கு." "கேஸ் புக் பண்ணிட்டேன்." பக்கத்து வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகிக் காலிசெய்துகொண்டு போய் வருஷமாகியிருந்தது. அந்தத் தோட்டத்துப் புதர் எங்கள் வேலியைத் தாண்டி வந்துவிட்டது. எங்காவது போய்ப் பேசலாம் என்றால் போக வீடு இல்லை. தெருவுக்குப் போனால் வைஃபை கிடையாது.

தேர்தலுக்கு முதல் நாள் சிலேட்டில் எழுதினேன்: "நாளை 12 மணிக்கு எனக்கு மீட்டிங். சாப்பாடு டப்பாவில்."

மறுநாள் முன்னறையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தேன். பத்துப் பதினைந்து முறை மனசுக்குள் பேசிப் பார்த்த பேச்சு. இன்றைக்குச் சத்தமாகப் பேசிவிடுவது என்று சாமி சத்தியமாக முடிவு செய்திருந்தேன். என் முறை வந்தது. வாயைத் திறந்தேன். உள்ளறைக் கதவு கண்ணில் பட்டது. உள்ளே படுத்திருந்த அப்பா தொடர்ந்து ஐந்தாவது நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர். குரல் தானாக அடங்கிப்போனது.

"கொஞ்சம் சத்தமா," என்றார் தேர்தலை நடத்திய சீனியர். மைக்கை வாயருகே வைத்துக்கொண்டேன். "இப்பவும் கேக்கல. ஹெட்ஃபோன் மாத்திப் பாரு." மாற்றினேன். எவனோ, "அடிக்குறிப்புன்னா சின்ன எழுத்துலதான் இருக்கும்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பத்து நிமிடமும் முடிந்தது.

எனக்கு மூன்று ஓட்டு. அதில் ஒன்று நானே போட்டது. சீனியர் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார்: "உன் பாயின்ட் எல்லாம் நல்லாத்தான் இருந்திருக்கும்."

லேப்டாப்பை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தபோது உள்ளறைக் கதவு திறந்தது. அப்பா நின்றார். பனியன் தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் அறை ஃபேன் கடகடவென்று ஊருக்கே கேட்கும். அது ஒரு மணி நேரமாக ஓடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஃபேன் போடலியாப்பா?"

"அது போடுற சத்தத்துல உன் மீட்டிங் கெட்டுடும்னுதான் நிறுத்தினேன். எழுதி வச்சிருந்தியே."

"தூங்கலியா?"

"பன்னெண்டுக்கே எழுந்துட்டேன். கதவாண்டதான் உக்காந்துகினு இருந்தேன். ஒண்ணும் கேக்கல."

"இங்கிலீஷ்ல பேசினேன்ப்பா."

"அது எனக்கு எங்க புரியப்போவுது? உன் சத்தமாவது கேக்கலாம்னு பாத்தேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்பதான் முடிஞ்சிபோச்சே. தமிழ்ல சொல்லேன். என்னா பேசின?"

சொல்லியிருக்கலாம். நிலத்துக்கு அடியில் இருப்பது யாருடையது என்று, வாழ்நாளெல்லாம் அதைத் தோண்டிய மனிதரிடம், என் வீட்டுக் கூடத்தில் நின்று சொல்லியிருக்கலாம். அதைவிடப் பொருத்தமான ஆள் அந்த மையத்தில் ஒருத்தர்கூட இல்லை. ஆனால் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றேகால்.

"ராத்திரி ஷிஃப்ட் இருக்குப்பா. போய் இன்னும் கொஞ்ச நேரம் படுங்க," என்றேன், மெதுவாக.

"சரிம்மா," என்று எழுந்து போனார். கதவு சாத்தப்பட்டது. ஃபேன் கடகடக்க ஆரம்பித்தது.

தேர்தலில் தோற்றது அந்த மாதமே ஆறிப்போயிற்று. இது ஆறவில்லை. அப்பா ரிட்டயர் ஆகி இப்போது குவார்ட்டர்ஸுக்கு வெளியே, வடக்குத்து என்கிற ஊரில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார். நான் கோர்ட்டுக்குப் போகிறேன், கத்திப் பேசவும் கற்றுக்கொண்டுவிட்டேன். ஃபோனில் அவரிடமும் அப்படியே பேசிவிடுகிறேன் போலிருக்கிறது. "கேக்குதும்மா, ஏன் கத்துற?" என்கிறார். சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று கேட்கிறேன். அந்தப் பத்து நிமிடப் பேச்சை அவர் மறுபடி கேட்கவில்லை, நானும் இன்னும் சொல்லவில்லை.