சீனப் புத்தாண்டுக்கு நான் போகாத வருஷம்

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. அந்தக் கோபத்தால்தான் ஒரு வருஷம் சீனப் புத்தாண்டுச் சாப்பாட்டுக்கு மாமியார் வீட்டுக்குப் போகாமல் இருந்தேன்.

மாமியார் மலேசியச் சீனர். அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தாராம். சுற்றிலும் தமிழ்க் குடும்பங்கள், அதனால் அவரிடம் மலேசியப் பாணியில் 'லா' போட்டுப் பேசும் கொஞ்சம் உடைந்த தமிழ் உண்டு. நான் மதுரைக்காரி, சிட்னியில் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அவருடைய ஒரே பிள்ளையைக் காதலித்து, ஹர்ஸ்ட்வில்லில் அவர் ஃபிளாட் வாசலில் முதன்முதலாகப் பயந்துகொண்டு நின்றபோது, "வாம்மா, சாப்ட்டியா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புத்தாண்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் குடும்பம் மொத்தமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒருவர் வரவில்லை என்றாலும் யாரும் சாப்பாட்டைத் தொடக்கூடாது என்பது அவர் சட்டம். எங்கள் வீட்டுக் கணக்குக்கு மூன்றே கிண்ணம். ஒரு வருஷம் எனக்கு ஷிஃப்ட் முடியத் தாமதம், சென்ட்ரலில் ரயிலும் பிந்தியது. போய்ச் சேர்ந்தால், அவித்த மீன் ஆறிக் கிடக்க, அம்மாவும் பிள்ளையும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் நோயாளிகளுக்கெல்லாம் இன்றைக்குத்தானா வியாதி வர வேண்டும் என்று என் கணவர் என்னைக் கிண்டல் செய்தார்.

புத்தாண்டின் இரண்டாம் நாள், கல்யாணமான பெண்கள் பிறந்த வீட்டுக்குப் போகும் நாள். "உங்கம்மா ரொம்ப தூரம் லா. நீ இங்கயே வா. அன்னிக்கு நீ மருமக இல்ல, மக" என்றார் மாமியார். அதனால் முந்தாநாள் வந்து தின்றுவிட்டுப் போன அதே வீட்டுக் கதவை, வருஷா வருஷம் இரண்டு மாண்டரின் ஆரஞ்சோடு மறுபடி போய்த் தட்டுவேன். அன்றைக்கு ஒரு பாத்திரம் கழுவக்கூட விடமாட்டார்.

கல்யாணமாகிப் பதினோராவது வருஷம், ஜூலைக் குளிரில் என் கணவர் போய்விட்டார். மாரடைப்பு. நான் டியூட்டியில் இருந்தேன். நர்ஸாக இருந்து என்ன பிரயோஜனம்?

தகனத்துக்கு மாமியார் வரவில்லை. பெட்டியை மூடும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்றது ஒரே பிள்ளை, அதற்கும் வராமல் இருக்க அப்படி என்ன கல் மனசு என்று எனக்கு வயிறெரிந்தது. ஏன் என்று கேட்கவில்லை. அதன்பிறகு அவர் ஃபோனில் "சாப்ட்டியா?" என்றால் "ம்" என்பேன், அவ்வளவுதான்.

பிப்ரவரியில் கூப்பிட்டார். "நாளைக்குச் சாயந்தரம் வர்றியாம்மா?"

"எங்க வழக்கத்துல ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது, அத்தை."

"சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

வழக்கம் அதுதான். "பொங்கலே வைக்கல, சீனப் பொங்கல் ஒண்ணுதான் இப்பக் குறைச்சலா?" என்று மதுரையிலிருந்து என் அம்மாவும் சொன்னாள். ஆனால் எனக்கு அது நல்ல சாக்கு. அவரும் ஒரு சாயங்காலம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டுமே என்று நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாம் நாள் எனக்கு லீவு. காய்கறி வாங்கப் போன கடையில் மாண்டரின் குவித்து வைத்திருந்தார்கள். என் கை தானாக இரண்டை எடுத்தது. எடுத்தபிறகு அவற்றை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது? ரயில் ஏறிவிட்டேன்.

மாமியார் கதவைத் திறந்தார். கறுப்புச் சட்டை, இளைத்துத் துரும்பாகியிருந்தார். மேஜையில் மூன்று கிண்ணங்கள், மூன்று ஜோடிக் குச்சிகள் வைத்தபடியே இருந்தன. பழத்தை வைக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே முழு மீன், மேலே தூவிய இஞ்சியும் வெங்காயத்தாளும்கூடக் கலையவில்லை.

"ஏன் அத்தை சாப்பிடல?"

"எல்லாரும் வரணும்ல."

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "நீங்க மட்டும் அன்னிக்கு ஏன் வரல? உங்க பிள்ளைதானே?" என்று கத்தியே விட்டேன்.

உனக்குத் தெரியாதா என்பதுபோல் என்னைப் பார்த்தார். "புள்ள முன்னாடி போனா, பெத்தவங்க பின்னாடி போய் அனுப்பக்கூடாதும்மா. எங்க வழக்கம். அன்னிக்குப் பூரா அவன் பழைய ரூம்லதான் உக்காந்திருந்தேன். அவன் உன்கிட்ட சொல்லியிருப்பான்னு நினைச்சேன்."

எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவர் அன்றைக்குப் பெட்டிக்குள் இருந்தார். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். ஏழு மாதம், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மீனைச் சூடு பண்ணினேன். இரண்டாம் நாளாக இருந்தும் அவர் தடுக்கவில்லை. மூன்று கிண்ணத்திலும் சோறு போட்டார். என் கணவருடைய கிண்ணத்தில் ஆவி எழும்புவதைப் பார்த்ததும் தேம்ப ஆரம்பித்துவிட்டேன். மாமியார் மீனின் கன்னத்துச் சதையைக் குச்சியால் எடுத்து என் சோற்றின்மேல் வைத்தார். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை.

"அவன் முந்தாநாளே வந்துட்டாம்மா. நீதான் வரல."