குண்டெக்குள் குண்டு

வடமாலபேட்டை லாரி டிரைவர் முனிரத்தினம் குவைத் வேலைக்குப் போகவிருந்தார். நெஞ்சுவலி வரவே, திருப்பதியில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரி, நர்ஸாக இருந்தவள் என்பதால் நானும் துணைக்குப் போனேன்.

"குண்டெக்கி அணு பரீக்ஷ," என்றார் ஊழியர் தெலுங்கில்.

திருத்தணியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த முனிரத்தினத்தின் மனைவி சென்னம்மா அலறினாள். "ஐயோ, பொக்ரான்ல வெடிச்ச அணுகுண்டா?"

"தெலுங்குல குண்டென்னா நெஞ்சுடி! மானத்த வாங்காத," என்றார் முனிரத்தினம்.

ஊசியில் துளி அணுமருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். வேகமாக நடந்தால் இதயத்துக்கு ரத்தம் போதவில்லை, குவைத் வேண்டாம் என்றார் டாக்டர். இன்று மட்டும் வீட்டிலிருக்கும் கைக்குழந்தையைத் தூக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

"புள்ளைய ஏன் தூக்கக்கூடாது? நல்லா இருந்த ஆளு, ஊசி போட்டுத்தான் கெட்டுப்போனாரு," என்றாள் சென்னம்மா.

மருந்தின் கதிர்வீச்சு குழந்தைமேல் படக்கூடாது, நாளைக்குள் அது வடிந்துவிடும், இதயக்குழாயில் அடைப்பு முன்பே இருந்தது என்று விளக்கினேன். முனிரத்தினம் தலையாட்டினார். பஸ்ஸில் மெல்லக் கேட்டார்: "நர்ஸம்மா, மெய்யாலுமே குண்டு இல்லியே?"