நீலக் குளியலறை

எங்கள் வீட்டில் சண்டை வந்தது ஒரு சோப்பினால்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு டைல் பதிக்கும் வேலை. திருவனந்தபுரத்தில் எத்தனையோ பிளாட்டுகளில் குளியலறை செய்து கொடுத்தவர், ஆரியசாலைக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக் குளியலறையை மட்டும் வெறும் சிமெண்டாகவே விட்டிருந்தார். ஒரு நாள் அவர் வேலை செய்த புது வீட்டின் பால்காய்ச்சுக்கு அம்மா போனாள். அங்கே ஷவருக்கு அருகே சுவரைக் குடைந்து, சோப்பும் ஷாம்பும் வைக்க டைல் பதித்த மாடம் இருந்தது. மறுநாள் காலை எங்கள் வீட்டு ஜன்னல் விளிம்பிலிருந்து சோப்பு வழக்கம்போலத் தண்ணீர் போகும் ஓட்டைக்குள் விழுந்தது.

"ஊருக்கெல்லாம் மாடம் வைப்பீங்க. எனக்கு ஒரு சோப்பு வைக்க இடம் இல்ல," என்றாள். பையை எடுத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு, நாகர்கோவில் ரயிலேறிவிட்டாள்.

ஆக, மாடம் வந்தால் அம்மா வருவாள். ஒன்பது வயதுக்கு இந்தக் கணக்கு போதும்.

அப்பாவும் அன்றைக்கே சுவரை உடைத்தார். பகலில் அடுத்தவர் வேலை, சாயங்காலம் எங்கள் வேலை. மூன்று தட்டு மாடம். மஞ்சளுக்கும் அதை உரைக்கும் கல்லுக்கும் தனித் தட்டு. மிச்ச டைல் வேண்டாமென்று அம்மாவுக்குப் பிடித்த வெளிர்நீலத்தில் புதிதாகவே வாங்கிவந்தார். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. பள்ளியில் உட்கார்ந்தால் குளியலறை, வீட்டுக்கு வந்தால் ரயில்.

அப்போதுதான் அப்பா தரையில் நீர்க்காப்புப் பூச்சு அடித்து, ஓட்டையைச் சாக்குத்துணியால் அடைத்து, கணுக்கால் அளவு தண்ணீர் கட்டினார். தண்ணீர் மட்டத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்.

"மூணு நாள் இப்படியே கிடக்கட்டும் மக்களே. வெள்ளம் குறைஞ்சா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். எல்லாத்தையும் பொளிச்சிட்டு முதல்ல இருந்து செய்யணும்."

மறுநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தேன். தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. முதலில் இருந்து என்றால் இன்னும் எத்தனை நாள்? அப்பா வருவதற்குள் வாளியிலிருந்து கப்பு கப்பாக மொண்டு கோடு வரை ஊற்றினேன். அதற்கடுத்த நாளும் ஊற்றினேன். மூன்றாம் நாள் காலை, அப்பா பல் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பதற்றத்தில் கொஞ்சம் கூடவே ஊற்றிவிட்டேன். கப்பை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

அப்பா வந்து கோட்டின் மேல் விரல் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கீழே கிடந்த கப்பை எடுத்து உதறி, ஆணியில் மாட்டினார்.

"குறையல," என்றார். அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டார். "கேட்டியா, வேலை முடியப்போவுது. ஞாயிற்றுக்கிழமை வந்திரு."

அம்மா வந்தாள். ஒரு மணி நேரம் குளித்தாள். நானே கட்டி முடித்ததுபோலத் தெருவில் திரிந்தேன். இரண்டு மாதத்தில் கட்டிலுக்குப் பின்னால், குளியலறையை ஒட்டிய சுவர் ஓதம் காத்து, வெள்ளை உதிர்ந்தது. அப்பா நீல டைல்களை உளியால் கொத்தி எடுத்தார். "ஊரே மெச்சுற கொத்தனார்," என்று அம்மா சிரித்தாள்.

"எனக்க கைப்பிழைதான்," என்றார் அப்பா. என் பக்கம் திரும்பவேயில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். பாவம், அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்றும் நினைத்தேன்.

போன வருடம் என் பிளாட்டில் குளியலறை வேலை நடந்தது. மூன்று நாள் கட்டிய தண்ணீர் கோட்டுக்கு ஒரு நூல் கீழே இறங்கியிருந்தது. பதறிப்போய் கொத்தனாரைக் கூப்பிட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது காத்துல காஞ்சு போறது, சேச்சி. பயம் வேண்டாம். இவ்வளவு கூட குறையலன்னாதான் பேடிக்கணும். வெள்ளம் தானா ஏறவே ஏறாது இல்லியா."

இருபது வருடம் டைல் பதித்த அப்பாவுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்று தண்ணீர் கோட்டுக்கு மேலே நின்றது. அவர் கையில் இருந்த கப்பு நனைந்திருந்தது. அம்மா இல்லாமல் இருக்க முடியாதது எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.