தொழிலுக்கு இந்தப் போன் சரிப்படுமா? ஜெயங்கொண்டம் போய் வந்த பிறகு சொல்கிறேன்

"புதுப் போன் எப்படி, தொழில் செய்கிறவர்களுக்குச் சரிப்படுமா?" என்று போன பதிவுக்குக் கீழே பல பேர் கேட்டிருந்தீர்கள். ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். நேற்று ஜெயங்கொண்டத்துக்கும் அரும்பாவூருக்கும் போய் வந்ததே அந்தப் போன் செய்த காரியத்தால்தான். அதனால் இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு: நான் திருச்சி. கிணற்று மோட்டார் விற்கும் கம்பெனியில் வேலை. மாதம் ஒருமுறை பெரம்பலூர், அரியலூர் பக்கம் கடை கடையாக ஏறி இறங்குவேன். ஜெயங்கொண்டத்தில் ராஜமாணிக்கம் அண்ணன் மோட்டார் கடை வைத்திருக்கிறார். அரும்பாவூரில் அவருடைய கூடப்பிறந்த தம்பி செல்வமும் அதே மாதிரி கடைதான் வைத்திருக்கிறார். அப்பாவின் கடையைப் பிரித்தபோது வந்த சண்டையில் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இருவருமே என் வாடிக்கை. அதனால் இங்கே கேட்டதை அங்கே சொல்வதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு!

போன மாதம் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அண்ணன் கூப்பிட்டார். புதுப் போன் வாங்கி நாலாவது நாள். எத்தனை எச்.பி., எத்தனை அடி என்பதையெல்லாம் பஸ் நெரிசலில் எழுத முடியாது. யார் கூப்பிட்டாலும் பதிவுப் பொத்தானை அமுக்கிவிடுவது என் பழக்கம்.

"தம்பி, ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன். செல்வத்தப் பத்தி ஒரு விசயம்..."

"சொல்லுங்கண்ணே" என்றபடி அமுக்கினேன். பழைய போன் சத்தமில்லாமல் பதிவு செய்யும். இதில் ஒரு பெண் குரல், இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி அறிவித்தது. "எதுக்கு தம்பி, அவன்ட்ட போட்டுக் காட்டவா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் வைத்துவிட்டார். மூன்று முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஆர்டர் இருந்தால் அவரே கூப்பிடுவார் என்று அரும்பாவூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். வேலை நெருக்கடி என்று சொல்லி அந்த முறை ஜெயங்கொண்டம் பக்கமே போகவில்லை.

அரும்பாவூரில் செல்வம் பைப் அறுத்துக்கொண்டே, "எங்கண்ணன் ஏதாச்சும் சொல்லிவுட்டாருங்களா சார்?" என்று கேட்டார். ஒருநாளும் அண்ணன் பேச்சை எடுக்காத மனுஷன். என் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லீங்களே" என்றேன்.

நேற்று காலை 6.10க்குத் திருச்சியில் பஸ் ஏறினேன். அரியலூருக்கு எழுபது கிலோமீட்டர், டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். சிமெண்ட் லாரி வரிசையில் இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்காராதீர்கள். அரியலூரில் மாறி, முப்பது ரூபாயில் ஜெயங்கொண்டம். கடைக்குள் நுழைந்தபோது மணி 9.40.

"வாங்க சார்" என்றார் அண்ணன். பன்னிரண்டு வருடமாகத் தம்பி என்று கூப்பிட்டவர். அண்ணி காபியும் லட்டும் கொண்டுவந்து வைத்தார். மகள் கல்யாணம் போன ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிட்டதாம்.

"எனக்குச் சொல்லவே இல்லியேண்ணே!"

அண்ணிதான் பதில் சொன்னார். "சொல்லாம இருப்பாரா? அன்னிக்கி அதுக்குத்தானே போன் பண்ணாரு. தேடிப்போயி பத்திரிகை வச்சா செல்வம் வாங்கிக்குவாரான்னு ஒங்கள வுட்டு மெதுவா கேக்கச் சொல்லலாம்னு இருந்தாரு."

சொந்தத் தம்பிக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்ப முடியாது. வெற்றிலை பாக்கோடு வீடு தேடிப் போய்த்தான் வைக்க வேண்டும். போய் நின்று அவர் வாங்காவிட்டால் அந்த அவமானம் சாகிறவரைக்கும் போகாது. அதற்குப் பயந்துதான் என்னைத் தூது கேட்டிருக்கிறார். சித்தப்பா இல்லாமலே அந்தப் பெண்ணின் கல்யாணம் நடந்துவிட்டது.

"ஆர்டர் எழுதிக்கத்தாண்ணே பதிவு பண்ணேன், சத்தியமா" என்றேன்.

"வுடுங்க. பழைய போன்லயும் பதிஞ்சீங்களா?"

"ஆமாண்ணே."

"அது சொல்லலியே" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. போன் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. இத்தனை வருடம் சொல்லாமல் இருந்தது நான்தான்.

11.05க்குக் கிளம்பி அரியலூர், பெரம்பலூர் என்று இரண்டு பஸ் மாறி அரும்பாவூர் போனேன். தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல், மூன்றே முக்கால் மணி நேரம், எண்பது ரூபாய். என் சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, நடந்ததையெல்லாம் செல்வத்திடம் சொன்னேன்.

அவர் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "கல்யாணம் வச்சிருக்காங்கன்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க சார். அந்த வாரம் பூரா நான் எங்கயும் போவல. அண்ணன் பத்திரிகையோட வந்து பூட்டுன கடையப் பாத்துட்டுத் திரும்பிடக் கூடாதுல்ல."

நான் போனை எடுத்து, "பேசுறீங்களா?" என்றேன்.

"இப்ப என்னத்தப் பேசுறது. புள்ளதான் புருசன் வூட்டுக்குப் போயிடுச்சே" என்று எழுந்து உள்ளே போனார்.

கேள்விக்கு வருகிறேன். கேமரா பிரமாதம், சார்ஜ் ஒன்றரை நாள் நிற்கிறது, பார்க்கிறவர்கள் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். ஆர்டரைப் பதிவு செய்துகொள்ள நினைத்தால் இந்தப் போன் ஒத்துவராது. எந்தப் போனாக இருந்தாலும் முதலில் வாயைத் திறந்து, "குறிச்சுக்கணும், பதிவு பண்ணட்டுங்களா?" என்று கேளுங்கள். ஆர்டர் எழுத, பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற குறிப்புப் புத்தகம் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் நடுவே ஒருவர் வைத்துவிட்டால் போனில் சமாதானம் சொல்லிக்கொண்டு நிற்காமல் நேரில் போங்கள். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாக ஜெயங்கொண்டம் அறுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், ஐம்பத்தைந்து ரூபாய். அண்ணன் போனை வைத்த அன்றைக்கு அந்தப் பஸ் எனக்கு எதிரிலேயே நின்றிருந்தது. பாதிக்கு மேல் காலி.