கொடியை இறக்கியவர்

ஜேபஸ் பெட்டிகனைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கோபம் தலைக்கேறிவிடும். அதனாலேயே இருபது வருடம் தள்ளிப்போட்டேன். அவர் என் அக்கா ஹெட்டியின் கணவர். குளிர்காலத்தில், இங்கிலாந்தில் எங்கள் ஊரான டோல்ஸ்பரியின் கழிமுகத்தில் சிப்பி வாருவார். கோடையில் பணக்காரர் ஒருவரின் பந்தயப் பாய்க்கப்பலுக்கு கேப்டன். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப்பேருக்குப் பிழைப்பே அப்படித்தான். கயிறு இழுப்பது நாங்கள், கோப்பை வாங்குவது அவர்கள்.

ஒரு ராஜாவும் அவர் தம்பியும் தேம்ஸ் நதியில் பந்தயம் கட்டிப் பாய்க்கப்பல் ஓட்டியதில் பிறந்த விளையாட்டு என்று பெருமை பேசுவார்கள். அன்றைக்குக் கயிறு இழுத்தவன் பெயரை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாயும் போகாது. இடமும் வலமுமாக வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். எந்த நொடியில் திருப்புவது என்பதில்தான் வெற்றி இருக்கிறது. மச்சானுக்கு அது கைவந்த கலை. ஆனால் சுக்கான் அவர் கையில் இருக்காது. கப்பலின் சொந்தக்காரர்தான் பிடிப்பார், இவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுதான் வழக்கம்.

1924 ஆகஸ்டில், கவ்ஸ் துறைமுகத்துக்கு வெளியே, சர் லயனல் வோகனின் 'லாவினியா' முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் அதன் கேப்டன், நான் கயிறு இழுப்பவர்களில் ஒருவன். மற்றவர்கள் வெகுதூரம் பின்னால். கடைசி மிதவையைச் சுற்றவேண்டியதுதான் பாக்கி.

"ஐயா, கொஞ்சம் விலகிப் போங்க. நீரோட்டம் உள்ள தள்ளுது."

"எனக்குத் தெரியும்யா. நீ போய் உன் சிப்பியப் பாரு!"

கப்பலின் விலா மிதவையில் உரசியது. மிதவையைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. யாரும் வந்து கேட்கமாட்டார்கள். தொட்டவனே பாய்மர உச்சியிலிருக்கும் பந்தயக் கொடியை இறக்கிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும்.

"தொட்டுடுச்சு, ஐயா."

"யாரு பார்த்தா?"

"நான் பார்த்தேன்."

"வாய மூடிக்கிட்டு இருந்தா அடுத்த கோடைக்கும் நீதான் கேப்டன்."

நானும் கிசுகிசுத்தேன்: "விட்டுடுங்க மச்சான். அக்காவ நெனச்சுப் பாருங்க."

"போடா! நாளைக்கு மத்த கப்பல்காரங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று சொல்லிக்கொண்டே அவர் கயிற்றை அவிழ்த்தார். கொடி இறங்கியது. சர் லயனலின் முகம் சிவந்து வீங்கிப்போனது.

அன்று மாலையே மச்சானுக்கு வேலை போனது. 'எஜமான் பேச்சைக் கேட்காதவன்' என்று சர் லயனல் விருந்துக்கு விருந்து சொல்லிவைத்தார். அதன்பின் எந்தக் கப்பல் சொந்தக்காரரும் மச்சானைக் கூப்பிடவில்லை. அவருக்கிருந்த ஒரே சொத்து நல்ல கேப்டன் என்ற பெயர்தான். அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு பத்திரிகைக்காரன் ஊருக்கு வந்தான். யாருமே பார்க்காதபோதும் சர் லயனல் தானே கொடியை இறக்கச் சொன்னாராமே, எவ்வளவு பெரிய மனிதர், கப்பலில் இருந்தவர்கள் வாயால் கேட்டு எழுத வேண்டும் என்றான். அன்று தளத்தில் பதினொரு பேர் இருந்தோம். அவன் விசாரித்தது என்னை.

செய்தி வந்தது. சர் லயனலின் நேர்மையைப் பாராட்டி கிளப்பில் வெள்ளித்தட்டு கொடுத்தார்கள். அந்தப் பத்திரிகையை அக்கா என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுல உன் பேரு போட்டிருக்கே. நீ சொன்னதாமே?"

"வேற என்ன சொல்றது அக்கா? அடுத்த கோடைக்கு வேலை வேணும்ல?"

மச்சான் மூலையில் உட்கார்ந்து கிழிந்த சிப்பி வலையைப் பின்னிக்கொண்டே இருந்தார். அவர் சாகும்வரை என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த கோடையில் நான் 'லாவினியா'வில் கயிறு இழுத்தேன்.